முதல் நிமிடமும் வன்னியின் தூரங்களும்: வட மாகாண சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

பெருமதிப்புக்குரியீர்,

இந்த நான்கு மாவட்டங்களும் சேர்ந்த வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் நான். கிளினிக் நாட்களில் தாய்மாரின் நிறையையும் பிரசரையும் பதிவதும், பிள்ளை பிறந்தபின் வீடு தேடிப் போய்க் கொப்பூழ் காய்ந்ததா, பால் குடிக்கிறதா என்று பார்ப்பதுமே என் தொழிலாக இருந்தது. எந்த வைத்தியசாலையின் மீதும் எந்த உத்தியோகத்தர் மீதும் முறைப்பாடாக இதை நான் எழுதவில்லை. பிறந்தவுடன் அழாமலும் மூச்செடுக்காமலும் துவண்டு கிடந்த பிள்ளைகள் பலரின் தாய்மாரை நாங்கள் மாதக்கணக்கில் அறிந்தே இருந்தோம். அவர்களுடைய ஆபத்து கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதப்பட்டும் இருந்தது. அப்படியிருந்தும் வலி வந்த வேளையில் அந்தத் தாய் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. அந்த இடைவெளியைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். அதை நிரப்பும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

நாம் சாதித்தவை சிறியவை அல்ல. ஒரு காலத்தில் வன்னியில் மலேரியாக் காய்ச்சல் கண்ட கர்ப்பிணியின் பிள்ளை நிறை குறைந்து பிறப்பது சாதாரண விடயம். அந்தக் காய்ச்சலிலிருந்து இலங்கை விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாகவும் 2019இல் நாம் ஏற்கப்பட்டோம். இரண்டுமே வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்தவர்களும் கிளினிக்குகளில் பெயர் விடாமல் பதிந்தவர்களும் பெற்றுத் தந்த வெற்றிகள். பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்தும் இன்று வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. ஆகவே இனி எஞ்சியிருக்கும் கேள்வி, எந்த வைத்தியசாலையில், எந்த நேரத்தில், யார் அருகில் இருக்க அந்தப் பிள்ளை பிறக்கிறது என்பதுதான்.

முதல் நிமிடத்தில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் இந்த மடலைத் தாய்மாரும் அவர்களின் குடும்பத்தாரும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளையின் நுரையீரலில் நீர்தான் நிறைந்திருக்கிறது, ஒட்சிசன் நஞ்சுக்கொடியின் வழியாகவே வருகிறது. பிறந்த சில கணங்களில் அந்த நீர் விலகிக் காற்று உள்ளே போகவேண்டும். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் சுமார் 85 வீதமானோர் அரை நிமிடத்துக்குள் தாமாகவே மூச்செடுக்கிறார்கள். இன்னும் 10 வீதமானோருக்கு உடலைத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். சுமார் 5 வீதமானோருக்குத்தான் முகமூடியும் பலூனும் கொண்டு காற்றுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாரை அழுத்துவதும் மருந்து ஏற்றுவதும் ஆயிரத்தில் ஓரிரு பிள்ளைகளுக்கே தேவைப்படும். அமெரிக்க மயக்கமருந்து மருத்துவர் வேர்ஜீனியா அப்கார் 1952இல் வகுத்த புள்ளிமுறைப்படி இதயத் துடிப்பு, மூச்சு, தசையிறுக்கம், தூண்டலுக்குத் தரும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் பூச்சியத்திலிருந்து இரண்டு வரை புள்ளியிட்டு, முதலாம் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் கூட்டிப் பார்க்கிறோம். ஐந்தாம் நிமிடத்தில் ஏழுக்குக் குறைந்தால் அந்தப் பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். ஆனால் புள்ளி போடும்வரை காத்திருந்து காற்றுக் கொடுக்கத் தொடங்குவதில்லை. மூச்சில்லாத பிள்ளைக்கு முதல் நிமிடம் முடிவதற்குள் காற்றுப் போயிருக்க வேண்டும்.

அந்த 5 வீதத்துக்குள் யாருடைய பிள்ளை வரும் என்பதை முழுமையாகக் கணிக்க எவராலும் இயலாது. ஆயினும் யாருக்குக் கூடுதலாக வாய்ப்பு உண்டு என்பதைப் பெருமளவு கணிக்கலாம். கர்ப்பிணிப் பதிவேடு இருப்பதே அதற்காகத்தான்.

வன்னித் தாய்மாரிடம் நான் முதலில் பார்ப்பது கண்ணிமையின் உட்புறத்தை. வெளிறியிருந்தால் ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இருக்குமோ என்ற ஐயம் உடனே எழும். இரத்தச்சோகையுள்ள தாய்க்குக் குறைமாதத்தில் பிரசவமாகும் வாய்ப்பும், பிள்ளை நிறை குறைந்து பிறக்கும் வாய்ப்பும் கூடுதல். பிரசவத்தில் சிறிது அதிகமாக இரத்தம் போனாலும் அவள் தாங்கமாட்டாள். கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறோம். வீட்டில் அவள் சோற்றுக்குப் பின் வெறும் தேநீருடன் அதை விழுங்குகிறாள், அல்லது கல்சியக் குளிசையையும் சேர்த்தே விழுங்குகிறாள். இரண்டுமே இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைப்பவை. இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. வெற்றிடங்கள் நிரப்பப்படாமல் ஒரே குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு பிரிவுகளைப் பார்க்க நேரும்போது முதலில் பறிபோவது இந்த ஐந்து நிமிடம்தான்.

அடுத்தது தாயின் உடல்வாகு. கர்ப்பமாகும்போதே நிறை குறைந்தவர்கள், உயரம் குறைந்தவர்கள், பத்து மாதத்திலும் போதிய அளவு நிறை கூடாதவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் 2.5 கிலோகிராமுக்குக் கீழே பிறப்பது அதிகம். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு உடற்சூடு விரைவில் இறங்கும், இரத்தத்தில் சீனி குறையும், தொற்று எளிதில் பற்றும். இங்கே வன்னிக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2008இலும் 2009இலும் பதுங்குகுழிகளிலும், பின்னர் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களிலும் கைக்குழந்தைகளாக இருந்த பெண்பிள்ளைகள் இப்போது தாய்மை வயதை எட்டுகிறார்கள். அவர்களில் சிலர் அதற்கு முன்பே தாயாகிவிட்டார்கள். ஒரு பெண் தன் தாயின் வயிற்றிலும் தன் முதல் இரண்டு வயதிலும் பட்டினி கிடந்தால் அதன் சுவடு அவளுடைய உயரத்திலும், அவள் பெறும் பிள்ளையின் பிறப்பு நிறையிலும் தெரியும். போர் ஓய்ந்து ஆண்டுகள் பல ஆனாலும் அதன் கணக்கு எங்கள் நிறைத்தராசில் முடியவில்லை. இந்தத் தலைமுறைத் தாய்மாரைத் தனிக் கவனத்துக்குரியவர்களாகக் கருதுமாறு உங்களைக் கேட்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

பதினெட்டு வயதுக்கு முன் தாயாகும் பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அவர்கள் கர்ப்பத்தை மறைப்பதால் கிளினிக்குக்கு ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான் வருகிறார்கள். அதற்குள் போலிக் அமிலம் கொடுக்கும் காலம் கடந்திருக்கும், மாதக்கணக்கை உறுதிப்படுத்தும் முதல் ஸ்கானும் தவறியிருக்கும். மாதக்கணக்குத் தெரியாவிட்டால் பிள்ளை குறைமாதத்தில் பிறக்கிறதா, நிறைமாதத்தில் வளர்ச்சி குன்றிப் பிறக்கிறதா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. அவர்களை அதட்டுவதை நிறுத்தினாலே பாதிப் பேர் நேரத்தோடு வருவார்கள் என்பது என் அனுபவம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், முன்னர் பிள்ளை இறந்து பிறந்தவர்கள், முந்திய பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன் மீண்டும் கர்ப்பமானவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், புகைபிடிக்கும் கணவனோடும் விறகடுப்புப் புகையோடும் நாளெல்லாம் இருப்பவர்கள், கடும் வெயிலில் குனிந்து களை பிடுங்கும் கூலிவேலையை ஒன்பதாம் மாதத்திலும் விடமுடியாதவர்கள் என இந்த வரிசை நீளும்.

பிரசரும் சலரோகமும் வேறு வகை. இருபது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் தெரிந்தால், நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைந்து பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மெலியத் தொடங்கியிருக்கலாம். தாய்க்கு வலிப்பு வரலாம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழன்று சில நிமிடங்களில் பிள்ளை இறக்கலாம், தாயைக் காப்பதற்காகப் பிள்ளையைக் குறைமாதத்திலேயே எடுக்க நேரலாம். சீனி கூடிய தாயின் பிள்ளை நான்கு கிலோகிராமைத் தாண்டி வளர்ந்து, தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்வதும் உண்டு. அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து வீட்டார் மகிழ்ந்திருக்க, பிறந்த சில மணித்தியாலங்களில் அதன் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

இவையெல்லாம் முன்கூட்டியே தெரிபவை. பிரசவம் தொடங்கியபின் மட்டுமே தெரிபவையும் உண்டு. வலி நீண்டு இழுபடுவது, கொப்பூழ்க்கொடி முதலில் இறங்குவது, பன்னீர்க்குடம் உடைந்து பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேலாகியும் பிள்ளை பிறவாதிருப்பது, பிள்ளை வயிற்றுக்குள் மலம் கழித்து நீர் பச்சையாக வருவது, வலியைக் கூட்டும் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது துடிப்பை அடிக்கடி கேட்காமல் விடுவது ஆகியவை. எந்த ஆபத்தும் எழுதப்படாத தாய்க்கும் இவற்றில் ஒன்று நேரலாம். அதனால்தான் பிரசவ அறை இருக்கும் எந்த வைத்தியசாலையிலும், எந்த நள்ளிரவிலும், பிள்ளைக்குக் காற்றுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறோம்.

இனி வன்னியின் தூரத்துக்கு வருகிறேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கும் ஏறத்தாழ ஐம்பது ஐம்பது கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போவதானால் நூறு கிலோமீற்றரைத் தாண்டும். அது பிரதான வீதியில். துணுக்காய்க்கு உள்ளே, நெடுங்கேணிக்கு உள்ளே, கொக்கிளாய்ப் பக்கமாக, குளக்கட்டுகளுக்குப் பின்னால் உள்ள கிராமங்களிலிருந்து அந்தப் பிரதான வீதிக்கு வந்து சேர்வதே தனிப் பயணம். இரவில் யானை நிற்கும் பாதையில் முச்சக்கரவண்டிக்காரர் வர மறுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் பலரைக் காப்பாற்றியிருக்கிறது, ஆனாலும் அது புறப்படும் இடத்துக்கும் அந்த வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அழைப்பு இலக்கத்தால் சுருக்க இயலாது.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவளுடைய பதிவேட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் பிரசர் என்று எழுதியிருந்தது. அதை அவள் குடும்ப அட்டையோடும் அடையாள அட்டைப் பிரதிகளோடும் சேர்த்து ஒரு பொலித்தீன் பையில், மழை படாத முகட்டு வளையில் செருகி வைத்திருந்தாள். எந்தக் கிளினிக்கையும் தவறவிட்டவள் அல்ல. முப்பத்து நான்காம் வாரத்தில் நள்ளிரவில் தலையிடியும் வயிற்றுவலியும் வந்தன. கணவன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி அருகிலிருந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோனான். அங்கே அன்று விசேட வைத்திய நிபுணர் விடுமுறை, சத்திரசிகிச்சைக்கு வசதியில்லை. இருந்தவர்கள் தம்மால் இயன்றதைச் செய்து வேறு வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேரும்போது பிள்ளை பிறந்துகொண்டிருந்தது. நீலம் பாரித்து, கை கால் தொங்கிக் கிடந்த அந்தப் பெண்பிள்ளைக்குத் தாதி காற்றுக் கொடுத்துக் கொடுத்து மூச்சை வரவழைத்தார். மறுநாள் வலிப்பு வந்தது. இன்று பாடசாலை போகும் வயதில் அந்தப் பிள்ளை சுவரில் சாய்த்துவிட்டால்தான் இருக்கும். அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டும் தாய், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துவாயால் அவளைத் தன்னோடு கட்டிக்கொண்டு ஊட்டுகிறாள், இல்லாவிட்டால் தலை பின்னால் சரிந்து புரைக்கேறிவிடும்.

அந்த இரவில் கடமையில் இருந்த எவரும் கடமை தவறவில்லை. அந்தத் தாய் ஒரு வாரம் முன்னதாகப் பெரிய வைத்தியசாலைக்குப் பக்கத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தால் பிரசர் கூடியது அன்றே தெரிந்திருக்கும். குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் ஊசி, 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடப்படுவது. அதைத் தொடங்கவும் வேலை செய்யவும் தாய் நேரத்தோடு வந்திருக்க வேண்டும். மூளைக்கு ஒட்சிசன் குறைந்த நிறைமாதப் பிள்ளையின் உடலை 72 மணித்தியாலம் குளிர்வித்து வைக்கும் சிகிச்சையும் பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன்தரும். பிறந்தபின் பிள்ளையைக் கொண்டு ஓடுவதைவிட, வயிற்றோடு தாயைக் கொண்டுபோவது பொதுவாகப் பாதுகாப்பானது என்பதை மருத்துவ உலகம் ஐயத்துக்கிடமின்றி ஏற்றிருக்கிறது. வன்னியில் மட்டும் நாம் இன்னும் பிள்ளையைக் கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் முதற்கோரிக்கை, மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் வளவுக்குள் அல்லது நடந்துபோகும் தூரத்தில் பேறுகாலத் தங்குமிடம் ஒவ்வொன்று. விடுதிக் கட்டில் அல்ல நான் கேட்பது. சமைக்க ஓர் இடமும், கூட வரும் அம்மம்மாவோ மாமியோ படுக்க ஓர் இடமும், மூத்த பிள்ளையை அழைத்துவர அனுமதியும் உள்ள வீடு. நாளும் ஒருமுறை ஒருவர் வந்து பிரசரையும் பிள்ளைத் துடிப்பையும் பார்த்தால் போதும். தாய்மார் முன்கூட்டியே வந்து தங்க மறுப்பதாக ஒரு குறை சொல்லப்படுகிறது. மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆட்டையும் கோழியையும் யார் பார்ப்பது, கணவன் கடலுக்கோ வயலுக்கோ போனால் சோறு யார் போடுவது என்பவைதான் அவர்கள் மறுப்பதற்கான காரணங்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகுந்த எங்கள் மாவட்டங்களில் இவை சாக்குப்போக்குகள் அல்ல. இவற்றுக்கு விடை காண்பதில் பிரதேச செயலகங்களையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆபத்து எழுதப்பட்ட ஒவ்வொரு தாய்க்கும் முப்பத்திரண்டாம் வாரத்திலேயே எங்கே பிரசவம், எப்போது அங்கே போவது, எந்த வாகனம், யார் கூடப் போவது என்பதை அந்தக் குடும்பத்தோடு இருந்து எழுதி, அதன் பிரதியைப் பிரசவம் நடக்கவிருக்கும் வைத்தியசாலைக்கு அனுப்பும் நடைமுறை. பிரசவ விடுதியில் கடமையில் இருப்பவருக்கு, அந்தத் தாய் வாசலில் இறங்கும்போது அவள் பெயர் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு மை பதிவேட்டில் இருந்து பயனில்லை, அதைப் பார்த்து ஒருவர் அசைய வேண்டும்.

பிரசவ அறைகளுக்குள் வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நிறைமாதப் பிள்ளைக்கும் குறைமாதப் பிள்ளைக்கும் பொருந்தும் இரண்டு அளவு முகமூடிகள், பூட்டிய அலுமாரிக்குள் அல்லாமல் பிரசவ மேசைக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். கடமை மாறும் ஒவ்வொரு முறையும் ஒருவர் அந்த முகமூடியை உள்ளங்கையில் அழுத்தி, பலூனைப் பிடித்துப் பார்த்து, காற்று ஒழுகவில்லை என்று கையொப்பமிட வேண்டும். பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அனுப்பிச் சான்றிதழ் கொடுப்பதோடு கைப்பழக்கம் வந்துவிடாது, மாதத்துக்கு ஒரு முறையாவது பொம்மையை வைத்து அந்த அறையிலேயே பழக வேண்டும். தாய்க்கு இரத்தம் போகும் வேளையில் பிள்ளையும் அழாதிருந்தால் தனியொருவர் இருவரையும் பார்க்க இயலாது. ஆகையால் ஒரு பிரசவத்துக்கு இருவர் என்பதைக் குறைந்தபட்ச விதியாக்குங்கள். மார்கழி, தை மாதத்துப் பனி இரவுகளில் மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, உலர்ந்த துணியைச் சூடாக்கி வைத்திருப்பதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, ஆனாலும் பல இடங்களில் அது நடப்பதில்லை.

நிறை குறைந்த பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1.8 கிலோகிராமுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இவ்வாறு வைத்திருந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. பிள்ளையின் உடல்நிலை சீரானபின் தொடங்கும் வழக்கமான முறையோடு ஒப்பிட்டால் இறப்பு 25 வீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. இதற்கு வேண்டியது, பிள்ளை இருக்கும் விடுதிக்குள் தாய்க்கும் ஒரு சாய்கட்டில். வன்னியில் பிள்ளையை ஓர் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாயை இன்னோர் ஊரில் படுக்கவைத்திருப்பது இனியும் நடக்கக் கூடாது. அம்புலன்ஸில் அனுப்ப நேர்ந்தாலும் தாயின் நிலை இடங்கொடுத்தால் அவள் மார்பிலேயே அனுப்புங்கள்.

மூன்றாவது கோரிக்கை செவிகொடுப்பது பற்றியது. பிறந்து மூச்சுத் தடுமாறிய பிள்ளை வீடு திரும்பும்போது, எத்தனை நிமிடம் காற்றுக் கொடுக்கப்பட்டது, ஐந்தாம் நிமிடப் புள்ளி என்ன, வலிப்பு வந்ததா என்பவை குழந்தையின் பதிவேட்டில் தெளிவாக எழுதப்பட்டு, அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தருக்கு அன்றே அறிவிக்கப்பட வேண்டும். பிள்ளை தலை நிமிர்த்தவில்லை என்று ஆறாம் மாதத்தில் தாய் சொன்ன பிறகுதான் எங்களில் பலருக்கு விடயமே தெரியவருகிறது. இறந்துபோன பிள்ளைகளைப் பற்றிய மீளாய்வுக் கூட்டங்களில் அந்தக் கிராமத்து உத்தியோகத்தரையும் அமர்த்துங்கள். குற்றம் தேடாமல் நடக்கும் கூட்டத்தில்தான் உண்மை பேசப்படும். அந்தத் தாயிடமும் யாராவது ஒருவர், அவளுக்கு விளங்கும் தமிழில், என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்கு நிதியும் ஆளணியும் கொழும்பின் ஒப்புதலும் வேண்டும் என்பதை அறிவேன், அதற்காகக் காத்திருக்கத் தாய்மார் பழகியும் இருக்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும் எதுவும் வேண்டியதில்லை. காலபோக மழையில் குளங்கள் வான் பாய்ந்தால் எந்தெந்தக் கிராமங்கள் துண்டிக்கப்படும் என்பது 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் எல்லாப் பிரதேச செயலகங்களுக்கும் தெரியும். கார்த்திகை, மார்கழியில் பிரசவ நாள் விழும் தாய்மாரின் பெயர்கள் எங்கள் உத்தியோகத்தர்களின் பதிவேடுகளில் இருக்கின்றன. ஒக்ரோபர் முடிவதற்குள் இந்த இரண்டு பட்டியல்களையும் ஒரே மேசையில் வைத்து, அந்தத் தாய்மாரின் வீடுகளுக்கு ஆளனுப்பி, மழை தொடங்குமுன் அவர்களை எங்கே தங்கவைப்பது என்று தீர்மானிக்குமாறு சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு இந்த ஆண்டே பணிப்புரை வழங்குங்கள். பட்டியல் தயாரிக்க ஆள் குறைந்தால், ஓய்வுபெற்ற எங்களில் சிலர் சம்பளமின்றி வந்து இருந்து எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.